மாங்கோடிபியும் கல்லாப்பெட்டிச் சாவியும்

மாங்கோடிபியை ஒரு கணினியில் நிறுவ எவ்வளவு நேரம் ஆகும்? இணைய இணைப்பு சுமாராக இருந்தாலும் பத்து நிமிடம் போதும். யூட்யூபில் கிடைக்கும் பயிற்சிகளில் பல அந்தப் பத்து நிமிடத்தோடு முடிந்தும் விடுகின்றன. கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடும், "சர்வர் ஓடுது பாருங்க" என்பார்கள், லைக் போடச் சொல்வார்கள், முடிந்தது. உள்ளே யார் யார் வரலாம், வந்தவர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற பேச்சே வராது. வந்தாலும் "அதெல்லாம் அட்வான்ஸ்டு" என்று அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த அடுத்த பாகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம் :-)

தள்ளிவிட்ட அந்தப் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. அதைவிட முக்கியம், அது கணினி அறிவியல் மாணவர்களைவிட வணிகவியல் மாணவர்களுக்குச் சீக்கிரம் புரியக்கூடியது. பி.காம். தணிக்கைப் பாடத்தில் இன்டர்னல் செக் என்று ஒரு அத்தியாயம் வரும். ஒருவர் செய்த வேலையை அடுத்தவர் தன் வேலையின் போக்கிலேயே சரிபார்த்துவிடும்படி பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு, பரீட்சை முடிந்த மதியமே மறந்துபோகிற அத்தியாயம். ஒரு தரவுத்தளத்தில் பயனர் கணக்குகளைத் திறந்து அனுமதிகளைப் பிரிக்கும் வேலை முழுக்க முழுக்க அந்த அத்தியாயம்தான். இதை நிரலாளர் ஒருவரிடம் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது, கல்லாப்பெட்டியைச் செய்த ஆசாரியிடமே சாவியையும் கொடுத்துவிடுவது மாதிரி.

டாக்குமென்ட் தரவுத்தளம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வழக்கமான தரவுத்தளம் பேரேடு போன்றது. வாடிக்கையாளருக்கு ஒரு அட்டவணை, பில்லுக்கு ஒன்று, பில்லில் உள்ள சரக்குகளுக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் எண்களால் கோர்த்து வைக்க வேண்டும். டாக்குமென்ட் தரவுத்தளத்தில் ஒரு பில் என்பது ஒரே ஆவணம். பெயர், சரக்குகள், விலை, தள்ளுபடி எல்லாம் ஒரே தாளில். மளிகைக் கடைகளில் பில்களைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, அது போல. ஒரு பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கம்பி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இந்த வகையில் பிரபலமானது மாங்கோடிபி. 2007-இல் நியூயார்க்கில் தொடங்கிய டென்ஜென் என்ற நிறுவனம் 2009-இல் வெளியிட்டது. பிரம்மாண்டம் என்று பொருள்படும் ஹியூமங்கஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து எடுத்த பெயர். மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிறுவும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 அக்டோபரில் நிறுவனம் தன் உரிமத்தை மாற்றியதால் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் களஞ்சியத்திலிருந்து மாங்கோடிபியை எடுத்துவிட்டன. ஆகவே உபுண்டு போன்றவற்றில் நிறுவனத்தின் சொந்தக் களஞ்சிய முகவரியையும் கையொப்பச் சாவியையும் முதலில் சேர்க்க வேண்டும். பிறகு வழக்கமான கட்டளைதான். விண்டோஸில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சேவையைத் தொடங்கினால் 27017 என்ற போர்ட்டில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும். மாங்கோ ஷெல்லைத் திறந்தால் நேராக உள்ளே போய்விடலாம்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பெயர் கேட்கவில்லை. கடவுச்சொல் கேட்கவில்லை. புதிதாக எழுதலாம், இருப்பதைத் திருத்தலாம், மொத்தத் தரவுத்தளத்தையும் ஒரே கட்டளையில் அழிக்கலாம். ஏனென்றால் ஆதரைசேஷன் என்ற அமைப்பு நிறுவும்போது அணைந்த நிலையில் இருக்கிறது. இன்றைக்கு இறக்கிக்கொள்ளும் இலவசப் பதிப்பிலும் இதுதான் நிலை. ஒரே ஆறுதல், 2017-இன் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, நிறுவியவுடன் அதே கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு திறக்க வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் வேண்டுமென்றே மாற்ற வேண்டும். அதற்கு முன்பு எல்லாப் பதிப்புகளும் இப்படி இல்லை. கதவும் திறந்திருந்தது, உள்ளே கேட்பாரும் இல்லை.

விளைவு என்ன ஆனது என்பது பதிவாகியிருக்கிறது. 2015 பிப்ரவரியில் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஏறத்தாழ 40,000 என்று வெளியிட்டார்கள். அதில் ஒன்று பிரான்ஸ் நாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றினுடையது. சுமார் 80 லட்சம் வாடிக்கையாளர்களின் முகவரியும் எண்ணும் அதில் இருந்தன. கவனியுங்கள், கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள். உடைத்துத் திறக்கவில்லை, திறந்திருந்ததை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

2016 ஏப்ரலில் மெக்சிகோ நாட்டின் வாக்காளர் பட்டியல், 9 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடையது, அமேசான் மேகக் கணினி ஒன்றில் மாங்கோடிபியில் கடவுச்சொல் இல்லாமல் கிடந்ததை கிறிஸ் விக்கரி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியே சொன்னார். ஆள் கடத்தலும் மிரட்டிப் பணம் பறித்தலும் பெரும் பிரச்சினையாக இருக்கிற நாட்டில், வீட்டு முகவரியோடு கூடிய பட்டியல்!

அடுத்து 2017 ஜனவரி. யாரோ சிலர் இப்படித் திறந்து கிடந்த தரவுத்தளங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருவதாக ஒரு துண்டுச் சீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். சில நாட்களில் பாதிக்கப்பட்டவை பல்லாயிரத்தைத் தொட்டன. இதில் கொடுமை என்னவென்றால், பல இடங்களில் அழித்தவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவே இல்லை. வெறுமனே அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். ஒரு கும்பல் வைத்த சீட்டை அடுத்த கும்பல் எடுத்துவிட்டுத் தன் சீட்டை வைத்த கூத்தும் நடந்தது. பணம் கொடுத்தவர், யாரிடம் கொடுத்தோம் என்றே தெரியாமல் நின்றார். 2020 ஜூலையில் இதே நாடகம் இன்னொரு முறை நடந்தது. அப்போது சுமார் 22,900 தரவுத்தளங்கள், கேட்டது 0.015 பிட்காயின். பணம் தராவிட்டால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்லிவிடுவோம் என்ற மிரட்டலும் கூடவே. திருடனே போலீசுக்குப் போவேன் என்கிறான்.

எல்லாவற்றிலும் மனசை உறுத்துவது கிளவுட்பெட்ஸ் விவகாரம். பஞ்சு பொம்மைக்குள் ஒலிப்பதிவுக் கருவி. வெளியூரில் இருக்கும் அப்பா பேசி அனுப்பினால் பொம்மை பேசும், குழந்தை திரும்பப் பேசினால் அப்பாவின் செல்பேசிக்குப் போகும். அழகான யோசனைதான். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரமும், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் பூட்டில்லாத மாங்கோடிபியில் கிடந்தன என்று 2017 பிப்ரவரியில் தெரியவந்தது. அந்த ஜனவரி மாத மிரட்டல் கும்பல் அங்கேயும் போய் வந்திருந்தது. எச்சரிக்க முயன்றவர்களின் கடிதங்களுக்கு நிறுவனத்திடமிருந்து பதிலே இல்லை. ஒரு குழந்தை தன் அப்பாவிடம் பேசிய பேச்சு யார் யார் காதுக்கெல்லாம் போயிருக்கும் என்பதை அந்தப் பெற்றோர் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இது யார் தவறு? நிறுவியவர் தவறுதான், பூட்டும் முறை ஆவணத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறதே என்பது வழக்கமான பதில். அரைகுறைப் பதில். ஷட்டரில் பூட்டு மாட்டும் வளையம் வைத்திருக்கிறேன், பூட்டு மாட்டாதது உங்கள் தப்பு என்று மேஸ்திரி சொன்னால் ஒரு கடைக்காரர் விஷயத்தில் ஒத்துக்கொள்ளலாம். அவர் கட்டிக் கொடுத்த கடைகளில் பல்லாயிரம் கடை ராத்திரியில் திறந்து கிடந்தால், மேஸ்திரியின் கட்டட முறையைத்தான் கேள்வி கேட்க வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவியவுடன் எப்படி இருக்கிறதோ, பெரும்பாலானோர் கையில் அது கடைசிவரை அப்படியேதான் இருக்கும். இதைத் தெரிந்தே பூட்டில்லாமல் கொடுப்பது, நிறுவுவதை எளிதாக்கிப் புது ஆட்களை இழுக்கும் வியாபார உத்தி. அந்த உத்தியின் லாபம் விற்பவருக்கு, நஷ்டம் மெக்சிகோ வாக்காளருக்கு. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு எக்ஸ்டர்னாலிட்டி என்று பெயர். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதை அதற்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் நாளே கடவுச்சொல், பாத்திரம், அனுமதி என்று ஆரம்பித்தால் கற்றுக்கொள்ள வருபவர் ஓடிவிடுவார். விடுதி அறையில் மடிக்கணினியில் பழகிப் பார்க்க எதற்கு இத்தனை பூட்டு? சரிதான். ஆனால் மாற்றுவதும் முடியாத காரியமில்லை. இதே வகையைச் சேர்ந்த கவுச்டிபியிலும் ஆரம்ப காலத்தில் நிறுவியவுடன் வருபவர் எல்லாரும் நிர்வாகிதான். அந்த நிலைக்கு அட்மின் பார்ட்டி என்று அவர்களே செல்லமாகப் பெயர் வைத்திருந்தார்கள். 2020-இல் வந்த 3.0 பதிப்பில் பார்ட்டியை முடித்துவிட்டார்கள். நிர்வாகிக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்காவிட்டால் அது இப்போது தொடங்கவே தொடங்காது. அதனால் யாரும் கவுச்டிபி கற்பதை நிறுத்திவிடவில்லை.

நிறுவனம் செய்யாததை நிறுவுபவர் செய்ய வேண்டியிருக்கிறது. எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு ஜவுளிக்கடையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தி.நகர் பெரிய ஜவுளிக்கடை எதிலாவது புடவை எடுத்தவர்களுக்குத் தெரியும். புடவையை எடுத்துப் போடுபவர் பணம் வாங்க மாட்டார். பில் போடுபவர் தனி. காசு வாங்கும் கவுன்ட்டர் தனி. காசு கட்டிய பில்லைக் காட்டினால்தான் டெலிவரியில் பையைக் கொடுப்பார்கள். வாசலில் ஒருவர் பில்லை வாங்கி முத்திரை குத்துவார். நாலு பேரில் ஒருவர் மட்டும் நினைத்தால் ஒரு கர்ச்சீப்பைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. இத்தனைக்கும் அந்த நாலு பேரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஏற்பாடு அவர்களைச் சந்தேகப்படுவதற்காக இல்லை, ஒருவர் தவறினாலும் கடை தவறாமல் இருப்பதற்காக.

மாங்கோடிபியில் முதலில் திறக்க வேண்டியது மேலாளர் கணக்கு. அதே கணினியில் ஷெல்லைத் திறந்து, அட்மின் என்ற தரவுத்தளத்துக்குப் போய், யூசர்அட்மின்எனிடேட்டாபேஸ் என்ற பாத்திரத்தோடு ஒரு பயனரை உருவாக்க வேண்டும். (பெயர்கள் எல்லாம் அனுமார் வால் மாதிரி நீளம். என்ன செய்வது!) கடவுச்சொல்லைக் கட்டளைக்குள்ளேயே எழுதாமல் பாஸ்வேர்ட்பிராம்ப்ட் என்ற செயற்கூறைக் கொடுத்தால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் பதியாது. பிறகு அமைப்புக் கோப்பில் செக்யூரிட்டி என்ற தலைப்பின் கீழ் ஆதரைசேஷன் என்பதை எனேபிள்டு என்று மாற்றி, சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்த வரியை உள்தள்ள டேப் விசையை அழுத்தக் கூடாது, இரண்டு இடைவெளி விட வேண்டும். டேப் வைத்துவிட்டுச் சேவை தொடங்கவில்லையே என்று ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

வரிசை மாறினாலும் குடி முழுகிவிடாது. பயனரே இல்லாமல் பூட்டை முதலில் போட்டுவிட்டால், முதல் பயனரை உருவாக்க மட்டும் அதே கணினியிலிருந்து ஒரு தடவை அனுமதி கிடைக்கும். முதல் ஆள் பதிவானதும் அந்த வழி அடைபட்டுவிடும்.

இந்த மேலாளர் கணக்கைப் பற்றி ஒரு விஷயம். அதை வைத்துச் சாதாரண ஆவணங்களைப் படிக்க முடியாது. பயனர்களைச் சேர்க்கவும் நீக்கவும், அனுமதி கொடுக்கவும்தான் முடியும். பார்த்தால் பாதுகாப்பானதாகத் தெரியும். ஆனால் தனக்குத் தானே எந்த அனுமதியையும் கொடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. சாவிகள் தொங்கும் அலமாரியின் சாவி அது. இந்தக் கணக்கைத் தினசரி வேலைக்குப் பயன்படுத்துவது, இன்னும் மோசமாக, இணையப் பக்கத்தின் நிரலுக்குள் இதன் கடவுச்சொல்லை எழுதிவைப்பது, இரண்டும் கூடாது.

இணையப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதற்கு எல்லாரும் கொடுப்பது ரீட்ரைட் என்ற பாத்திரம். படிக்கலாம், எழுதலாம் என்றுதான் பெயர் சொல்கிறது. உள்ளே பார்த்தால் ஆவணத்தை அழிக்கலாம், ஒரு தொகுப்பு முழுவதையும் தூக்கலாம், பெயர் மாற்றலாம் என்று பட்டியல் நீள்கிறது. டிபிஅட்மின் என்பது இன்னும் வேடிக்கை. அந்தப் பாத்திரம் உள்ளவர் சாதாரண ஆவணம் ஒன்றைத் திறந்து படிக்க முடியாது. ஆனால் தரவுத்தளம் முழுவதையும் அழிக்க முடியும். புத்தகத்தைப் படிக்கக் கூடாது, கொளுத்தலாம் என்று ஒரு நூலக விதி இருந்தால் எப்படி இருக்கும்? பெயரைப் பார்த்து அனுமதி கொடுக்காமல், அந்தப் பெயருக்குக் கீழே என்னென்ன செயல்கள் இருக்கின்றன என்று ஆவணத்தில் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

கணக்கு எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு அருமையான வசதி இருக்கிறது. சொந்தமாகப் பாத்திரம் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு தொகுப்பில் தேடலாம், புதிதாகச் சேர்க்கலாம். திருத்தவோ அழிக்கவோ முடியாது என்று இரண்டே செயல்களை மட்டும் கொடுத்து ஒரு பாத்திரம் செய்யலாம். குறிப்பேட்டில் தப்பாகப் போட்ட பதிவை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, எதிர்ப் பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்களே, அதைத் தரவுத்தளமே காவல் காக்கும். எத்தனை கல்லூரிச் செயல்திட்டங்களில் கணக்குப் பதிவுகளை இப்படி வைத்திருக்கிறார்கள்? தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஜவுளிக்கடை உவமை ஒரு இடத்தில் இடிக்கும். மாங்கோடிபியில் அனுமதி தொகுப்பு அளவில்தான் பிரிகிறது. இந்த ஆவணம் இவருக்கு, அந்த ஆவணம் அவருக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க இந்தப் பாத்திரங்களால் முடியாது. சம்பளத் தொகை தெரியாமல் பெயரும் துறையும் மட்டும் காட்ட வேண்டுமென்றால், வியூ என்ற தனிப் பார்வையை உருவாக்கி அதற்கு மட்டும் படிக்கும் அனுமதி தரலாம். ஆகவே எதை எதோடு சேர்த்து ஒரே தொகுப்பில் வைப்பது என்று முதல் நாளே யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லாத் தாளையும் ஒரே கம்பியில் குத்திவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம்.

சரி, இவ்வளவு வசதி இருந்தும் ஏன் பலர் எல்லாக் கணக்குக்கும் ரூட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் பெரும்பாலும் ஒரு சின்னக் குழப்பம்தான் காரணம். மாங்கோடிபியில் ஒரு பயனர் எந்தத் தரவுத்தளத்தில் உருவாக்கப்பட்டாரோ அதுதான் அவருடைய சொந்த ஊர். நுழையும்போது ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடை என்ற தரவுத்தளத்தில் உருவாக்கிய பில்லர் வேறு, அட்மின் தரவுத்தளத்தில் உருவாக்கிய பில்லர் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் இருவர். இது தெரியாமல் சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்து, நுழைவு தோல்வி என்ற ஒரே பதிலைப் பத்து முறை வாங்கி, கடைசியில் வெறுத்துப்போய் ஆதரைசேஷன் வரியையே எடுத்துவிடுகிறார்கள். "அப்புறம் போட்டுக்கலாம்." அந்த அப்புறம் வருவதில்லை. இணைப்பு முகவரியில் ஆத்சோர்ஸ் என்று ஊர்ப் பெயரைச் சேர்த்தால் தீர்ந்துபோகிற சிக்கல் இது. இப்படிக் கோபத்தில் எடுக்கும் ஒரு முடிவுதான் பின்னால் செய்தியாகிறது.

இன்றைய மாணவர்கள் நேராக நிறுவுவது குறைந்து, டாக்கர் மூலமோ அட்லஸ் என்ற மேகச் சேவை மூலமோ போகிறார்கள். ஆபத்தும் கூடவே இடம் மாறியிருக்கிறது. டாக்கரில் கிடைக்கும் மாங்கோ பிம்பம் எல்லாத் திசையிலிருந்தும் அழைப்பை ஏற்கும். ரூட் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத் தொடங்கினால்தான் பூட்டு விழும். 27017 போர்ட்டை வெளியே திறந்துவிட்டால் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ தீச்சுவரில் போட்ட தடையையும் டாக்கர் சுற்றிக்கொண்டு போய்விடும். தீச்சுவர் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு இது அதிர்ச்சி. அட்லஸில் கடவுச்சொல் கட்டாயம், நல்லது. ஆனால் எந்த முகவரியிலிருந்து வரலாம் என்ற கேள்விக்கு எங்கிருந்தும் என்று பொத்தானைத் தட்டிவிட்டு, கடவுச்சொல்லோடு கூடிய இணைப்பு முகவரியை அப்படியே கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால் பூட்டின் மேலேயே சாவியை ஒட்டிவைத்த மாதிரி. கல்லூரிக் கலைவிழாவுக்குப் பதிவு செய்த ஐந்நூறு மாணவிகளின் செல்பேசி எண் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கலாம். விழா முடிந்துவிடும், எண்கள் அங்கேயே கிடக்கும்.

வணிகவியல் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரடிக் காரணம் ஒன்றும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு பதிவிலும் எப்போது என்ன மாற்றம் நடந்தது என்ற தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்பது விதி. தணிக்கையாளர் அதைப் பார்த்துத் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கான அறிக்கைகள் பலவற்றில் ஒரே மாதிரி ஒரு வரி வந்தது: மென்பொருள் அளவில் தடம் இருக்கிறது, தரவுத்தள அளவில் நேரடியாகச் செய்யும் மாற்றத்துக்குத் தடம் இல்லை. முன்வாசலில் கேமரா இருக்கிறது, பின்வாசலில் இல்லை என்று பொருள். மாங்கோடிபி பயன்படுத்துபவருக்கு இது இன்னும் உறைக்கும். ஏனென்றால் யார் என்ன செய்தார் என்று பதியும் தணிக்கை வசதி அதன் இலவசப் பதிப்பில் கிடையாது; காசு கொடுக்கும் பதிப்பில்தான் உண்டு. அந்த வசதி இல்லாதவர் கையில் மிச்சமிருக்கும் ஆயுதம், ஆளுக்கொரு கணக்கும் அளவான அனுமதியும்தான். ஐந்து பேர் ஒரே பெயரில் உள்ளே போனால், எந்தப் பதிவைப் புரட்டினாலும் யார் கைவரிசை என்று சொல்ல முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே நீக்கவும் முடியாது, மற்ற நாலு பேரும் வெளியே நிற்க வேண்டி வரும்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு வெளியே போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒரு பக்கம் 250 கோடி, மறு பக்கம் நாலு கணக்கு திறக்க அரை மணி நேரம். காஸ்டிங் தாளில் இதைவிடச் சுலபமான கணக்கு வந்ததில்லை.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. நகல் எடுப்பதற்கென்று பேக்கப் என்று ஒரு பாத்திரம் உண்டு. நகல் எடுப்பவர் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும், அதனால் அந்தக் கணக்கால் எல்லாம் படிக்க முடியும். மாங்கோடம்ப் என்ற கருவி ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கணக்கில் நுழைந்து, மொத்தத்தையும் கோப்புகளாக ஒரு அடைவில் கொட்டிவிட்டுப் போகும். அந்தக் கோப்புகளுக்கு மேலாளரும் இல்லை, பில்லரும் இல்லை, வாசலில் முத்திரை குத்துபவரும் இல்லை. பென் டிரைவில் எடுத்துப் போய் வேறொரு கணினியில் ஏற்றினால் எல்லாமே படிக்கக் கிடைக்கும். அந்த அடைவை யார் யார் திறக்கலாம் என்று உங்கள் செயல்திட்டத்தில் யாராவது பார்த்தார்களா?